சமக்குறி இரண்டு, இடைவெளி ஒன்று

அந்த ஆஸ்பத்திரியில் கத்தியைத் தொடாத ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். தொலைபேசி ஆபரேட்டர். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த வித்தியாசம் புரியாது. "ஆபரேட்டர் பேசுறேன்" என்று அவர் சொன்னதும், இடுப்பு எலும்பு விலகிய மாமனாரைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "நீங்களே பண்ணிடுங்க டாக்டர், உங்க குரலைக் கேட்டாலே ஒரு தைரியம் வருது" என்று கேட்டுக்கொண்டவர்கள் உண்டு. அவரும் பதறாமல், "நான் போனை மட்டுந்தாங்க இணைப்பேன், எலும்பை இணைக்கிறவர் வேற" என்று சொல்லி உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்.

அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். புதிதாக உள்ளே வருகிற யாரும் ஒரு முறையாவது தலையை இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. ஆபரேட்டர் மட்டும் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட இடித்துக்கொண்டது கிடையாது. ஐந்து வயதில் ஒரு காய்ச்சலோடு அவருக்குப் பார்வை போயிருந்தது. அதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரை அலட்டியது வேறு விஷயம். மனிதர்கள் எழுதுவதில் ஒழுங்கே இல்லை என்பதுதான் அது. எண் சொல்லும்போது பாதியில் நிறுத்துகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. முகவரியில் கதவு எண்ணைக் கடைசியில் போடுகிறவர்களை இன்னும் பிடிக்காது.

அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அக்காவுக்குக் கண்ணாடி வாங்கத் துணையாகப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். "கடைக்கு வந்து ஒண்ணுமே வாங்காமப் போன ஒரே ஆளு இவர்தான், சரி, விட்டுப்பிடிப்போம்னு பார்த்தேன், கடைசியில நான் மாட்டிக்கிட்டேன்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவருடைய கம்ப்யூட்டரில், திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும் பெண் குரல் ஒன்று உண்டு. அதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "அவ பேசி முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க" என்பாள். சக்களத்தி பேசும் வேகத்துக்கு வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது. ஆபரேட்டர் அந்த வேகத்தையும் போதாதென்று இன்னும் கூட்டி வைத்திருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் விக்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன்னுடைய வேலையைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். வேலை பார்க்கும் யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம், யார் என்ன மாற்றினார்கள் என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கும். "விக்கியா, விக்கலா? ரெண்டு வாய் தண்ணி குடிச்சா நின்னுடும்" என்று பல் டாக்டர் கேலி செய்தார். நிற்கவில்லை. ஆறு மாதத்தில் இருநூறு பக்கங்கள் சேர்ந்துவிட்டன.

அந்த விக்கியில் எழுத்தை அலங்கரிக்கச் சில குறிகள் இருந்தன. ஒரு வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு சமக்குறி போட்டால் அது தலைப்பாகிவிடும். ஒரு சொல்லின் இரு பக்கமும் மூன்று ஒற்றை மேற்கோள் போட்டால் அது தடித்து நிற்கும். இரண்டு போட்டால் சாய்ந்து நிற்கும். வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் புள்ளி வைத்த பட்டியல், ஹாஷ் என்கிற சதுரக் குறி போட்டால் எண் போட்ட பட்டியல். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் முழங்கால் வலியோடு படியிறங்கி வந்து இதை ஆபரேட்டருக்கு விளக்கிச் சொன்னபோது, போகிற போக்கில், "உங்களுக்கு இதெல்லாம் அவ்வளவா தேவைப்படாது" என்று சொன்னார்.

ஆபரேட்டருக்கோ வாழ்க்கையிலேயே இதைவிடத் தேவையான எதையும் யாரும் சொன்னதில்லை என்று தோன்றியது. அதுவரையில் எழுத்தின் தோற்றம் என்பது அவருக்கு எட்டாத விவகாரம். பார்க்கிறவர்கள் மவுஸை உருட்டி, எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சின்னப் படத்தை அழுத்தி, எழுத்தைப் பெரிதாக்குவார்கள், தடிமனாக்குவார்கள். சக்களத்தி அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். இங்கே அப்படியில்லை. தடிமன் வேண்டுமென்றால் அதையும் எழுத்தாகவே தட்ட வேண்டும். "சமம் சமம் பார்வையாளர் நேரம் சமம் சமம்" என்று காதில் விழுந்ததும், ஒரு பக்கம் எப்படித் தோன்றும் என்பது முதன்முறையாக அவருக்குக் கேட்டது.

இன்னொரு சௌகரியமும் இருந்தது. சமக்குறி போட்ட தலைப்புகளை மட்டும் ஒரு விசையைத் தட்டித் தட்டி அவரால் தாண்டிப் போக முடியும். பார்க்கிறவர்கள் கண்ணை ஓட்டுவது போல அவர் காதை ஓட்டுவார். ஆனால் பாதிப் பேர் தலைப்புக்குச் சமக்குறி போடவில்லை. வரியைத் தடிமனாக்கிவிட்டுத் தலைப்பு வைத்தாயிற்று என்று எழுந்து போய்விட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காதுக்கு அந்தத் தலைப்பு இல்லவே இல்லை. சக்களத்தி நிற்காமல் ஓடிவிடுவாள், ஆபரேட்டர் ரத்த வங்கியைத் தேடிப் போய்ச் சவக்கிடங்கில் நிற்பார்.

எனவே அவர் திருத்த ஆரம்பித்தார். அழைப்பு இல்லாத இடைவெளிகளில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று தொடங்கியது பழக்கமாகிப் பிறகு வெறியாகிவிட்டது. போலித் தலைப்புகளையெல்லாம் நிஜத் தலைப்பாக மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே சிறு குறிப்பு எழுதலாம். அவர் எழுதுவது எப்போதும் ஒரே குறிப்பு: "தலைப்பு, தலைப்பாக்கப்பட்டது." ஆள் முகம் தெரியாவிட்டாலும் அவரவர் குறி தெரிந்துவிட்டது. மருந்தகத்துக்காரர் பக்கம் முழுவதையும் தடிமனில் எழுதுவார், எதையாவது மெலிதாக விட்டால் மருந்து மாறிவிடும் என்பதுபோல. உணவு ஆலோசகரின் வரிகள் எல்லாம் சாய்ந்தே இருக்கும். பல் டாக்டர் நட்சத்திரத்தைத் திறப்பார், மூடுவார், மூட வேண்டியதே இல்லை என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

இந்தப் பக்கங்களில் ஒரு பெரிய ராஜ்ஜியம் தாதியர் அலுவலகத்துக்குச் சொந்தம். அதன் தலைவி பெரிய சிஸ்டர். ஐம்பத்தாறு வயது. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் படுத்திருக்கும் நோயாளிகூடத் தலையணையைச் சரி செய்துகொள்வான். அந்த அம்மாளுக்கு விக்கியில் ஒரு ரகசியம் கிடைத்தது: எழுத்துக்கு வண்ணம் பூசலாம். முப்பது வருடம் வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, வெள்ளை உடை என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர் அவர். முதல் வாரம் தலைப்புகள் நீலமாயின. அடுத்த வாரம் இளஞ்சிவப்புப் பின்னணி வந்தது. பிறகு ஓரங்களில் பூங்கொடி படர்ந்தது.

கொடி, பூ, வண்ணம் எதுவும் ஆபரேட்டருக்கு இடைஞ்சலாக இல்லை. வழக்கம்போல அவர் தலைப்பைத் தலைப்பாக்கினார். சமக்குறி போட்டதும் நீல நிறம் போய்விட்டது, அவருக்கு அது தெரியாது. மறுநாள் பெரிய சிஸ்டரின் குறிப்பு வந்தது: "அழகு கெடுக்கப்பட்டதால் மீட்கப்பட்டது." அதற்கு அவர், "தலைப்பு மீண்டும் தலைப்பாக்கப்பட்டது." அதற்கு அந்த அம்மாள், "டெலிபோன் ரூமுக்கு வேலை இல்லையா?" விக்கியில் பிரிவுகளின் பெயரில்தான் எழுத முடியும் என்பதால் அவர் பெயர் அங்கே 'டெலிபோன் ரூம்' என்றே இருந்தது.

இப்படிக் குடுமிப்பிடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. புதுக் கட்டிடம் திறந்ததால் ஆஸ்பத்திரியின் உள் எண்கள் எல்லாம் அன்று மாறின. புதிய எண் பட்டியலை விக்கியில் ஏற்றும் பொறுப்பைப் பெரிய சிஸ்டர் தாமாகவே வாங்கிக்கொண்டிருந்தார். பழைய பட்டியல் அட்டவணையாக இருந்தது. விக்கியில் அட்டவணை என்பது நெட்டுக்கோடும் அடைப்புக்குறியுமாக ஒரே காடு. அதில் எங்கோ ஒரு கோடு அழிந்து, மூன்றாம் மாடி முழுவதும் சமையலறைக்குள் சரிந்துவிட்டது. எவ்வளவு முட்டியும் அது நிமிரவில்லை. கடைசியில் அந்த அம்மாள் மாடிக்கொரு நிறமாகப் பட்டியலை வேறிடத்தில் அழகாகச் செய்து, அதைப் படமாக எடுத்து, பழைய அட்டவணையை நீக்கிவிட்டுப் படத்தை ஒட்டிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார்கள்.

காலை எட்டு மணிக்கு ஆபரேட்டர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சக்களத்தி சொன்னாள்: "படம். புதுசு, கடைசி, சரியானது, இரண்டு."

அவர் மேலே போனார், கீழே போனார். வேறு ஒன்றும் இல்லை. படத்தை ஏற்றும்போது கோப்புக்கு வைத்த பெயர்தான் அது. அதற்குள், அழைப்பு வந்தால் மினுங்கும் விளக்குக்குப் பதிலாக அவருக்கென்று வைத்திருந்த மணி ஒலித்தது. டைரக்டர். தன் விரலால் எண்ணை அழுத்துவது பதவிக்கு இழுக்கு என்று நினைக்கிறவர் அவர்.

"எக்ஸ்ரே குடுங்க."

எக்ஸ்ரே முப்பத்தொன்று. பதினோரு வருடமாக முப்பத்தொன்று. தெரிந்த எண்ணுக்கே கொடுத்துப் பார்ப்போம், மாறாமல் இருந்தாலும் இருக்கும் என்று ஆபரேட்டர் இணைத்துவிட்டார். முப்பத்தொன்று அன்று காலை முதல் சலவைப் பிரிவுக்குப் போயிருந்தது. அங்கே இருந்த சலவைக்காரர் உண்மை விளம்பி. கேட்டதற்குப் பதில் சொல்வார், யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று குடைகிற வழக்கம் அவரிடம் கிடையாது.

"எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார் டைரக்டர்.

"நாப்பத்தாறு நிக்குது சார்."

"காலையிலேயே நாப்பத்தாறா? ஏன்?"

"மூணாவது மாடியிலேருந்து நெறைய வந்துடுச்சு சார். அதுல பாதியை ரெண்டாம் தரம் போட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு."

"ரெண்டாம் தரமா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும் சார்? கறை தெரிஞ்சா ரெண்டாம் தரம் எடுக்கிறதுதானே."

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "கறை தெரியுதா? எத்தனை பேருக்கு?"

"பேரெல்லாம் பார்க்கிறதில்லை சார். நடுவுல வட்டமா தெரியுது. மஞ்சளா."

"எக்ஸ்ரேல எப்படிய்யா மஞ்சள் வரும்?"

"அதுதான் சார் எனக்கும் தெரியலை" என்றார் சலவைக்காரர், மிகுந்த ஒத்துழைப்போடு. "இன்னொரு தரம் கொதிக்க வச்சுப் பார்க்கிறேன்."

இதற்குப் பிறகு டைரக்டர் மீண்டும் ஆபரேட்டரைக் கூப்பிட்டபோது அவர் குரலில் இருந்த சூட்டில் விரிப்புகளைக் கொதிக்க வைக்க வேறு அடுப்பே தேவைப்பட்டிருக்காது. ஆபரேட்டர் நடந்ததைச் சொன்னார். "பட்டியல் படமா இருக்கு சார். படத்தை என்னால படிக்க முடியாது."

"நான் பார்த்தேனே, நல்லாத்தானே இருக்கு" என்ற டைரக்டர், சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டார் போலிருக்கிறது. "சரி. சிஸ்டர்கிட்ட பேசி நீங்களே சரி பண்ணிக்குங்க" என்று வைத்துவிட்டார்.

வாசல் காவல்காரரை அழைத்து, எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி ஆபரேட்டர் தட்டிக்கொண்டார். நடுநடுவே அழைப்புகள். காவல்காரருக்கு ஆறும் ஒன்பதும் ஒரே ஜாடை. ஒரு மணி நேரம் கழித்து, படத்துக்குக் கீழே எளிமையான பட்டியலாக, வரிக்கொரு நட்சத்திரம் போட்டு ஏற்றினார். மதியம் பெரிய சிஸ்டர் அதை நீக்கிவிட்டார். குறிப்பு: "ஒரே விஷயம் இரண்டு தடவை எதற்கு?" அவர் திரும்பப் போட்டார். அந்த அம்மாள் திரும்ப எடுத்தார். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அந்தப் பக்கத்தின் வரலாறு பதினேழு வரி நீண்டுவிட்டது.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, படிக்கு அடியில் 'டொம்' என்று சத்தம் கேட்டது. யாரோ கூரையில் தலையை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சிஸ்டர்" என்றார் ஆபரேட்டர். செருப்புச் சத்தத்தை வராந்தாவிலேயே அடையாளம் கண்டிருந்தார். "இடது பக்கம் நாற்காலி இருக்கு. ஒரு கால் கொஞ்சம் ஆடும்."

பெரிய சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு இருபது முறை பேசிய குரல்தான். அறைக்கு வந்தது இதுவே முதல் முறை.

"உங்களைக் குறை சொல்ல வரலை" என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். "நீங்க தங்கமான மனுஷன். உங்களுக்கு அப்புறம் சாயங்காலம் வர்றாரே ஒருத்தர், அவரைக் கொஞ்சம் சொல்லி வைங்க. நான் ராவும் பகலுமா உட்கார்ந்து ஒண்ணு செஞ்சு வச்சா, அந்த ஆளு வந்து வந்து கெடுத்துட்டுப் போறாரு. அவருக்குக் கண்ணு இருக்கா இல்லையான்னே தெரியலை."

ஆபரேட்டர் தொண்டையைச் செருமினார். "சாயங்கால ஆளு விக்கி பக்கமே வர மாட்டாரு சிஸ்டர். அது நாந்தான்."

"நீங்களா?"

"நாந்தான். கண்ணு இல்லைங்கிறதும் சரிதான்."

எழுந்து போய்விடலாமா என்று அந்த அம்மாள் யோசித்ததை, ஆடும் நாற்காலி ஆபரேட்டருக்குச் சொல்லிவிட்டது. அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் கருவியைக் கழற்றி நீட்டினார். "ரெண்டு நிமிஷம் இதைப் போட்டுக்குங்க. உங்க பக்கங்களை நான் எப்படிப் படிக்கிறேன்னு கேளுங்க. அவ வேகத்தைக் குறைச்சு வைக்கிறேன்."

பெரிய சிஸ்டர் போட்டுக்கொண்டார். கேட்டார். "படம். படம். கொடி, நான்கு. படம். கொடி, நான்கு, நகல். படம். புதுசு, கடைசி, சரியானது, இரண்டு." மூன்று மாதமாகக் கைவலிக்கச் செய்த அலங்காரம், முப்பது நொடியில் ஓடி முடிந்தது. நடுவில் எங்கும் ஒரு தொலைபேசி எண் இல்லை. ஒரு தலைப்பு இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

அந்த அம்மாள் கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். நியாயமாகப் பார்த்தால் இத்துடன் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடம் டாக்டர்களையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், தோற்ற கையோடு எழுந்து போகப் பழகியவரல்ல.

"சரி, என்னுது தப்புதான், ஒத்துக்கிறேன். உங்களுது மட்டும் என்ன வாழுது? அந்தப் பொட்டிக்கு என்ன சொல்றீங்க?"

"எந்தப் பொட்டி?"

"உங்க பக்கத்துல இருக்கிற பொட்டி. 'வெளி அழைப்புகளைப் பெறுவது எப்படி'ன்னு எழுதியிருக்கீங்களே, அது."

ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் விளக்கினார். அவர் எழுதிய ஒவ்வொரு பத்தியும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுக்குள் இருந்தது. பெட்டிக்குள் எழுத்து பழைய தட்டச்சு எழுத்துப்போல. அது மட்டுமில்லை, வரி மடங்கவே மடங்காது. ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகத் திரையைத் தாண்டி வலது பக்கம் ரயில்போல ஓடும். படிக்கிறவர்கள் கீழே உள்ள பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும், பிறகு திரும்பி இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே. ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். பல் டாக்டர் அதுக்கு ரயில் பக்கம்னே பேரு வச்சிருக்காரு."

ஆபரேட்டர் அப்போதே அந்தப் பக்கத்தைத் திருத்தத் திறந்து, முதல் வரியில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தார். "இடைவெளி" என்றாள் சக்களத்தி. புரிந்துவிட்டது. இருபது வயதில் தட்டச்சு வகுப்பில், பத்தி தொடங்கும்போது ஓர் இடைவெளி விட வேண்டும் என்று விரலில் ஏறிய பாடம் அது. விக்கியிலோ, வரியின் முதலில் இடைவெளி விட்டால் அது ஒரு கட்டளை. உள்ளதை உள்ளபடியே, மடக்காமல், பெட்டியில் வை என்று அர்த்தம். ஊரிலுள்ள சமக்குறிகளையெல்லாம் எண்ணித் திரிந்தவர், தன் வீட்டு வாசலில் கிடந்த ஒரு வெற்றிடத்தைக் கவனிக்கவில்லை.

"ஏன் சிஸ்டர் ஒருத்தரும் சொல்லலை?"

பெரிய சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்" என்றார்.

அந்தப் பதில்தான் அவரை அறைந்தது. பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், ரயில் ஓடிவிட்டுப் போகட்டும். இரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியே தன்னிடம் பவ்வியமாக நடந்துகொண்டதை அவரால் தாங்க முடியவில்லை. மாலையில் வீடு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு, சக்களத்தி ஏதாவது சொன்னாளா?" என்றாள் மனைவி.

அவர் சொன்னார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவை உனக்குக் காட்டினேனே. நீ பொட்டியைப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"ஏன் சொல்லலை?"

"நீங்கதான் வேணும்னே போட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பார்க்கக் கொஞ்சம் மரியாதையா, கண்ணாடி அலமாரியில வச்ச மாதிரி இருந்துச்சு."

"பாவம் பார்த்துத்தானே எல்லாரும் சும்மா இருந்திருக்காங்க" என்றார் அவர்.

மனைவி சிரித்துவிட்டாள். "பாவமா? உங்களைப் பார்த்தா? எங்க கடையில ஒரு விலைச்சீட்டை எழுதி வச்சா, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அரைப் புள்ளி எங்கேன்னு கேக்கிற ஆளு நீங்க. என் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில மூணு தப்பு கண்டுபிடிச்சு, அவன் இன்னிக்கு வரைக்கும் உங்களைக் கண்டா நழுவறான். உங்ககிட்ட போய்த் தப்பைச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? அவங்க பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க, அவ்வளவுதான்."

ஆபரேட்டர் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார். தன்னைக் கண்டு ஆஸ்பத்திரியே நடுங்குகிறது என்ற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்ததும், முகத்தில் தெளிவு வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட வந்தார். இரண்டாம் முறை குழம்பும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்களுக்குக் கண்ணு இருக்கு, எனக்குக் காது இருக்கு. சேர்ந்து உட்கார்ந்தா இருநூறு பக்கத்தையும் முடிச்சுடலாம்."

"வண்ணத்தை எடுக்கச் சொல்வீங்களா?"

"எடுக்க வேண்டாம். நிறத்துல சொல்றதை வார்த்தையிலயும் சொல்லிடுங்க, அது போதும். சிவப்புல இருக்கிறது அவசரம்னா, அவசரம்னும் எழுதிடுங்க."

"கொடி?"

"கொடி இருக்கட்டும். ஆனா பேர் வைக்கும்போது நகல், நாலுன்னு வைக்காதீங்க. கேக்கச் சகிக்கலை."

வியாழக்கிழமை தோறும் மூன்றிலிருந்து நான்கு வரை என்று ஏற்பாடாயிற்று. பெரிய சிஸ்டர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வருவார். முதல் மூன்று வாரமும் தலையை இடித்துக்கொண்டார். நான்காம் வாரம் கூரையின் ஓரத்தில் ஒரு பஞ்சுத் தலையணையைக் கட்டிவைத்துவிட்டார். ஆபரேட்டர் ஒரு பக்கத்தைக் கேட்டு எது காதில் விழவில்லை என்பார், அந்த அம்மாள் பார்த்து எது கண்ணை உறுத்துகிறது என்பார். அட்டவணைக் காட்டையும் இருவரும் சேர்ந்தே வென்றார்கள். கோடுகளைக் கண்ணால் தேடினால் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது என்று பெரிய சிஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். ஆபரேட்டர் சக்களத்தியை மெதுவாகப் பேசவைப்பார். "கோடு, எக்ஸ்ரே, கோடு, கோடு, எண்பத்திரண்டு" என்று வரும்போது, ஒரு கோடு குறைந்தால் தாளம் தப்பியதுபோல அந்த அம்மாள் கையை உயர்த்துவார். மூன்றாம் மாடி சமையலறையிலிருந்து வெளியேறித் தன் இடத்துக்குத் திரும்பியது அப்படித்தான்.

எல்லாம் தேனும் பாலுமாகப் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை, கடைசித் தலைப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி விடலாமா கூடாதா என்று தொடங்கி இருவரும் பேச்சு முற்றி, தேநீர் ஆறிப்போய், அடுத்த வாரம் வரை உள் எண்ணில்கூட "ம்", "சரி" என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். மருந்தகத்துக்காரரைத் தடிமனிலிருந்து இறக்கவே ஒரு மாதம் பிடித்தது. எல்லாமே உரக்கக் கத்தினால் எது கத்தல் என்று எப்படித் தெரியும் என்று பெரிய சிஸ்டர் கேட்டதற்கு, அவர் யோசித்து, பாதியை இறக்கினார். மீதியைத் தொட விடவில்லை. இந்த அமளியில் யாரும் எதிர்பாராமல் புகழ் பெற்றவர் சலவைக்காரர். "விரிப்பு துவைக்கும் முறை" என்று அவர் சதுரக் குறி போட்டு ஒன்பது படிகளாக எழுதிய பக்கத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர்கள் அதைத் தங்கள் பயிற்சி மாணவர்களுக்குக் காட்டி, குறிப்பு எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார்கள்.

ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் முடிந்தன. கடைசியாக இருவரும் சேர்ந்து "பக்கம் எழுதுவது எப்படி" என்று ஒரு பக்கம் எழுதினார்கள். தலைப்புக்குச் சமக்குறி, அலங்காரத்துக்குத் தடிமன் வேண்டாம், எழுத்தைப் படமாக்காதே, படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுது, வரியின் முதலில் இடைவெளி விடாதே. இதில் கடைசி விதியை ஆபரேட்டர் தாமே தட்டினார். இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் தன்னுடைய பழைய பத்தி ஒன்றையே பெட்டியோடு அங்கே வைக்கச் சொன்னார். டைரக்டர் அந்தப் பக்கத்தைப் பாராட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கையெழுத்துப் போட்டு, அதைப் படமெடுத்து, விக்கியில் ஏற்றியிருந்தார். பெரிய சிஸ்டர் அதற்குக் கீழே முழு வாசகத்தையும் தட்டிச் சேர்த்துவிட்டு, டைரக்டர் அறைக்கு நேரில் போய் வந்தார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு டைரக்டர் படம் ஏற்றவில்லை.

விதிப் பக்கத்தின் அடியில் சந்தேகம் கேட்க ஓர் இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வாரம் அது காலியாகவே இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பல் டாக்டர் முதல் கேள்வியைக் கேட்டார்: "தலைப்புக்குள்ளே ஒரு சொல்லை மட்டும் சாய்த்து எழுதலாமா?"

மாடிப்படிக்கு அடியில் ஆபரேட்டர் அதைக் கேட்டார். இரண்டாம் மாடியில் பெரிய சிஸ்டர் அதைப் படித்தார். இருவரும் ஒரே சமயத்தில் தட்டத் தொடங்கினார்கள். "கூடாது" என்று எழுதி ஆபரேட்டர் சேமிக்கப் போனபோது, இதே இடத்தை வேறொருவரும் இப்போது திருத்தியிருக்கிறார், யாருடையதை வைப்பது என்று விக்கி கேட்டது. சக்களத்தி மற்றவருடைய பதிலை வாசித்தாள்: "தாராளமாக."

அவர் போனை எடுத்து தாதியர் அலுவலகத்தைக் கூப்பிட்டார். அங்கே எண் பிசியாக இருந்தது. அந்த அம்மாளும் அதே நேரத்தில் இவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துப் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள் முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் பல் டாக்டர் தலைப்பு முழுவதையும் சாய்த்துவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொல்லியிருந்தார்.